ஸ்டார் வாங்கிய கை

என் மகள் கேஜி ஒன்றில் படித்த முதல் ஏழு மாதங்களில் அவளுடைய ஹோம்வொர்க் ஃபைலில் ஒட்டப்பட்ட ஸ்டார்கள் எல்லாம் நான் வாங்கியவை. ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்து, "பாப்பா எழுதினது" என்று கீழே போட்டு ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். இதைச் சொல்ல முன்பு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பள்ளியிலிருந்து தினமும் ஒரு தாள் வரும். புள்ளி புள்ளியாக எழுத்துகள் இருக்கும், பென்சிலை அவற்றின் மேல் ஓட்ட வேண்டும். நான் அவளை மடியில் உட்கார வைத்து, அவள் கையில் பென்சிலைக் கொடுத்து, அந்தக் கையின் மேல் என் கையை வைத்து ஓட்டுவேன். எங்கள் கட்டடத்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் செய்தார்கள். நம் ஊரில் விஜயதசமியன்று பிள்ளையின் கையைப் பிடித்து அரிசியில் ஓர் எழுத்து எழுத வைப்பார்கள். அதோடு அந்தச் சடங்கு முடிந்துவிடும். ஒரு நாள் செய்ய வேண்டியதை நான் ஏழு மாதம் செய்தேன்.

நாங்கள் இருந்தது வளைகுடாவில், முசஃபா என்ற ஊரில், ஷாபியா பக்கம் ஒரு ஷேரிங் ஃப்ளாட். கணவர் அங்கேயே ஒரு கராஜில் கியர்பாக்ஸ் மெக்கானிக். ஃப்ளாட்டை எடுத்திருந்தவர் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் அக்கா ஒருவர். ஓர் அறையில் அவர், இன்னோர் அறையில் நாங்கள் மூவர், ஹாலும் சமையலறையும் பொது. அக்காவுக்கு நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் மாலை நான்குக்குத்தான் எழுவார். ஆகவே எங்கள் வீட்டின் முதல் சட்டம், பகலில் சத்தம் கூடாது. பிள்ளை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளையை இதற்கெல்லாம் பழக்க ஒரே வழிதான் இருந்தது. பொம்மைப் படம் ஓடும் டேபைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைத்தேன். ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி அவள் சமர்த்தாக இருந்தாள்.

இரண்டாவது சட்டம் ஹாலில் கிடந்த கார்பெட். வெளிர் நிறம், அக்கா ஆசையாக வாங்கியது. அதில் ஒரு பருக்கை விழுந்தாலும் அக்காவின் முகம் மாறிவிடும். அதனால் மூன்று வேளையும் நானே ஊட்டிவிட்டேன். அவள் டேபைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், நான் உருண்டையை வைப்பேன். சட்டைப் பட்டன் நான், ஷூ நான், டிபன் டப்பா மூடி நான். நல்ல அம்மா என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நவம்பரில் ஓபன் ஹவுஸ், பெற்றோர் போய் டீச்சரைப் பார்க்கும் நாள். வகுப்பு டீச்சர் பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று வீட்டில் செய்தது, அச்சடித்த மாதிரி நேர்க்கோடு, மேலே ஸ்டார். மற்றொன்று வகுப்பில் செய்தது. பென்சில் பட்டும் படாமலும் நாலைந்து கீறல்கள், கோழி கிளறிய மாதிரி. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு. எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சருக்கும் எப்போதோ புரிந்திருக்க வேண்டும், என்னைச் சங்கடப்படுத்தாமல் தாள்களைத் திருப்பி வைத்தார்.

"மோளு வீட்டுல தன்னே சாப்பிடுமா?" என்று மகளைப் பற்றிக் கேட்டார்.

"நான் ஊட்டி விட்டுருவேனுங்க டீச்சர்," என்றேன், பெருமையாக.

"பட்டனு, ஷூ?"

"அதுவும் நானேதானுங்க."

அவர் மேசையிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து என் மகளிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். கிளிப் அசையவில்லை. என்னைப் பார்த்து நீட்டினாள், நான் திறந்து கொடுப்பேன் என்று.

"இந்தக் கையால ஒரு கிளிப்பை அமுக்க முடியலை. பின்னே பென்சில் எங்ஙனே பிடிக்கும்?" என்றார் டீச்சர். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அங்கிருந்து கேஜி வகுப்புகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அறைக்கு அனுப்பினார்கள். அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. தினமும் வீட்டில் இரண்டு பக்கம் புள்ளிக் கோடு ஓட்ட வேண்டும். மார்ச்சில் தனியாக உட்கார வைத்துப் பார்ப்பார்கள். இருபத்தாறு எழுத்தையும் பெயரையும் தானாக எழுதாவிட்டால் கேஜி ஒன்றையே ரிப்பீட். மற்ற சொற்கள் எப்படியோ, ரிப்பீட் என்ற சொல் முழுசாகப் புரிந்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கைகழுவிக்கொண்டே சொன்னார்: "ரிப்பீட்னு சொன்னா ஒண்ணு பண்ணலாம் அம்மிணி. நீயும் பாப்பாவும் ஊருக்குப் போயிருங்க. அங்க வயசைப் பார்த்து அடுத்த கிளாஸ்ல சேர்த்துக்குவாங்க. இங்க ஒரு வருஷத்தை வீணாக்க நம்மால ஆகாது."

யோசித்து வைத்திருந்த பேச்சு அது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கல்யாணமாகி நான்கு வருடம் நான் ஊரிலும் அவர் இங்கேயும் இருந்தோம். மகள் பிறந்தபோது அவர் இல்லை. ஒன்றரை வயது வரை அவளுக்கு அப்பா என்றால் ஃபோன்தான். யாருடைய ஃபோனைப் பார்த்தாலும் "அப்பா" என்று முத்தம் கொடுப்பாள். விமான நிலையத்தில் நிஜ அப்பாவைப் பார்த்து வீறிட்டு அழுதாள். மறுபடி அந்த வாழ்க்கைக்குப் போக எனக்குத் துளியும் மனமில்லை. ஒரு பென்சிலுக்காக எங்கள் மூன்று பேரைப் பிரிப்பார்கள் என்றால் அந்தப் பென்சிலை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் எல்லோரையும் போல முட்டாள்தனமாகத்தான் பார்த்தேன். கணவர் கடைசியாக ஊருக்குப் போய் லீவு முடிந்து வரும்போது பெட்டியில் பன்னிரண்டு நாலு கோடு நோட்டு கொண்டுவந்திருந்தார். இங்கே கிடைக்காது என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு பக்கத்துக்கு நான்கு பக்கமாக அவளை உட்கார வைத்தேன். இந்த முறை கையைப் பிடிக்காமல் மிரட்டினேன். முதல் நாள் அழுதாள். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் தானாகவே வந்து என் மடியில் ஏறி, பென்சிலை எடுத்து என் கையில் வைத்து, என் கைமேல் தன் கையை வைத்தாள்.

"அம்மா, நீ எழுது. நான் கை வெச்சுக்கறேன்."

அந்தக் கையில் கனமே இல்லை. ஒரு கைக்குட்டையைப் போட்ட மாதிரி இருந்தது. எழுதுவது என்றால் அம்மா கையின் மேல் சும்மா கிடப்பது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது, என் மேல் பாதி, பள்ளியின் மேல் பாதி.

கல்யாணத்துக்கு முன் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தவள். அங்கே புதிதாக வருகிறவளை யாரும் மெஷினில் உட்கார வைக்க மாட்டார்கள். முதலில் பிசிர் வெட்டப் போடுவார்கள். தைத்த துணியில் தொங்கும் நூலை நாள் முழுக்கச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். பிறகு கைமடி. டெய்லர் தைக்கும்போது பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கும் வேலை. விரலுக்குத் துணி பழகிய பிறகுதான் மெஷின். இதைத் தாண்டிக் குதித்து உட்கார்ந்த ஒருத்தியின் நகத்துக்குள் ஊசி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பனியன் கம்பெனிக்குத் தெரிந்த விஷயம் இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் போனது எப்படி என்று நினைத்தேன். பிசிர் வெட்டக் கை வராத பிள்ளைக்கு நேராக மெஷினைக் கொடுத்துவிட்டு, தைக்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

மறுநாள் பள்ளி டைரியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். இன்று முதல் என் மகள் வீட்டில் புள்ளிக் கோடு ஓட்ட மாட்டாள். முதலில் கையைத் தயார் செய்யப் போகிறேன். இதுவரை வந்த ஸ்டார்கள் என்னுடையவை. இப்படிக்கு அம்மா. மூன்று இடத்தில் இலக்கணப் பிழை இருந்திருக்கும். இருக்கட்டும்.

அன்று மதியமே சூப்பர்வைசர் ஃபோனில் அழைத்தார். நான் டீச்சருக்குப் படித்தவளா என்று கேட்டார்.

"நோ மேடம். ஐ வாஸ் ஹெல்பர் இன் கார்மெண்ட்ஸ்," என்றேன்.

மார்ச்சில் பார்ப்போம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முதல் வேலையாக ஊட்டுவதை நிறுத்தினேன். கார்பெட் மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, தட்டில் பருப்புச் சோற்றைப் போட்டு, அவள் முன்னால் வைத்தேன். டேபை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். அவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். நான் அசையவில்லை. வாயை மூடினாள், மறுபடி திறந்தாள். கடைசியில் ஒரு விரலைச் சோற்றுக்குள் விட்டு, எடுத்து, ஏதோ பல்லியைத் தொட்டுவிட்ட மாதிரி உதறினாள். பருப்பு பெட்ஷீட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் ஐந்து வாய் சாப்பிட்டாள். பருப்பு முழங்கை வரை ஓடியது. என் கை துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கையும் வேறுதான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு அக்கா எழுந்து வந்து கார்பெட்டைப் பார்த்தார். மஞ்சள் கறை ஒரு சாண் அகலத்துக்கு இருந்தது.

"என்ன பிள்ளே இது? என் கார்பெட்டுல பருப்பா?"

"அக்கா, நான் கழுவித் தர்றேனுங்க. ஆனா நாளைக்கும் கொட்டும். நாளன்னிக்கும் கொட்டும். அவ கையால திங்கப் பழகற வரைக்கும் கொட்டத்தான் செய்யும்."

அவ்வளவு திமிராகப் பேசியிருக்க வேண்டாம். அறையைக் காலி செய்யச் சொன்னால் அடுத்த நாளே நாங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் வாயில் அப்படித்தான் வந்தது. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் நான் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தால் கார்பெட்டைக் காணோம். சுருட்டித் தன் அறைக்குள் நிறுத்தி வைத்திருந்தார். மாலையில் டீ போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தரையில கொட்டினா தொடச்சிரு. பகல்ல சத்தம் மட்டும் கேக்கப்பிடாது, கேட்டியா."

சத்தமில்லாமல் ஒரு பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தேன். தேடினால் வீடு முழுக்க வேலைதான். சப்பாத்தி மாவை அவளிடம் கொடுத்தேன், குத்தினாள், கிள்ளினாள், பாம்பு செய்தாள். ஈரத் துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்து இன்னொரு பக்கெட்டில் விடச் சொன்னேன். துணி காயப்போடும் ஸ்டாண்டில் கிளிப் போடும் வேலை முழுக்க அவளுடையது. முதல் வாரம் ஒரு கிளிப்கூட விழவில்லை, ஏனென்றால் ஒன்றைக்கூட அவளால் மாட்ட முடியவில்லை. பூண்டு உரித்தாள், பட்டாணி உரித்தாள், பாதியைத் தின்றாள். பாத்ரூமில் ஒரு பெயின்ட் பிரஷும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுத்து டைல்ஸ் முழுக்க அடிக்கச் சொன்னேன். தோளிலிருந்து கை போய்வர வேண்டும் அதற்கு. காய்ந்ததும் ஒரு தடயம் இருக்காது, அக்காவும் ஒன்றும் சொல்ல முடியாது.

நாலு கோடு நோட்டுகளையும் விடவில்லை. ஒரு நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்து, கோட்டின் மேலேயே கிழி என்றேன். இரண்டு கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக இழுத்து நேராகக் கிழிப்பது லேசான காரியம் இல்லை. செய்து பார்த்தால் தெரியும். அவள் நாக்கை வெளியே துருத்திக்கொண்டு கிழித்தாள். சிரித்தாள் கூட. அந்த நோட்டோடு அவளுக்கு இருந்த பழைய கணக்கு அது.

கணவர் வந்து தரையில் கிடந்த காகிதக் கீற்றுகளைப் பார்த்தார்.

"ஊர்ல இருந்து சுமந்துட்டு வந்த நோட்டு அம்மிணி. கிழிக்கவா வாங்கிட்டு வந்தேன்? அங்க எல்லாப் புள்ளைகளும் எழுதீட்டு இருக்குதுக, நீ இங்க மாவு பெசைய விட்டுட்டு இருக்கற."

"ஏனுங்க, நீங்க கராஜுல சேர்ந்த அன்னிக்கே கியர்பாக்ஸைக் கழட்டுனீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு, "ஒரு வருஷம் டீசல்ல சாமான் கழுவுனேன்," என்றார்.

நான் வேறு எதுவும் பேசவில்லை. ஜெயித்த பிறகும் பேசினால் தோற்றுவிடுவோம் என்பது கல்யாணம் கற்றுக்கொடுத்த பாடம். மறுநாள் அவர் வந்தபோது ஒரு பால்பவுடர் டின் நிறைய போல்ட்டும் நட்டும் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்குப் போக நன்றாகக் கழுவி, கூர்மையான எதையும் விடாமல் பொறுக்கியிருந்தார். சத்தம் வராமல் இருக்க ஒரு தடித்த துண்டை விரித்து அதன்மேல் கொட்டினோம். பெரிய நட்டில் ஆரம்பித்தாள். போட்டுத் திருகுவதற்குள் மூச்சு வாங்கினாள். ஜனவரி முடிவதற்குள் சுண்டு விரல் அளவு போல்ட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அவளைப் பார்க்குக்கு அழைத்துப் போய்க் கம்பியில் தொங்கவிட்டார். தொங்கிக்கொண்டே ஒன்று இரண்டு மூன்று என்று அவள் கத்துவாள். அங்கே எந்தச் சட்டமும் இல்லை.

இதையெல்லாம் இப்படி அடுக்கிச் சொல்லும்போது ஏதோ எனக்கு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியலாம். இல்லை. பயம்தான் இருந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மூன்றெழுத்துச் சொற்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் வெற்றுத் தாளைக் கொண்டுவந்தாள். ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் ஓர் அம்மா, அக்கறையாகத்தான், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இப்பவே கண்டிச்சு எழுத வைங்க," என்றார்.

"அஞ்சு ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்குங்க," என்றேன்.

சிரித்துக்கொண்டே சொன்னேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியைப் பார்த்தேன். மார்ச்சுக்கும் அதே இரண்டு மாதம்தான். அந்த வாரம் ஒரு நாள் மதியம் மனம் தாங்காமல் பென்சிலை எடுத்து அவள் கையில் திணித்து, மேலே என் கையை வைத்தேன். இரண்டு கோடுதான் போயிருக்கும்.

"கையை எடு," என்றாள்.

சோறு பிசையாத காலத்தில் கைக்குட்டை மாதிரி கிடந்த கை, என் விரல்களை நெம்பி எடுத்தது. நெம்புவதற்குப் பலம் வேண்டும். நான் கையை எடுத்தேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நட்டு டின்னிடம் போய்விட்டாள். எழுதவில்லைதான். எனக்கு என்னவோ அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் யாரோ புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தார்கள். அந்த அட்டைப் பெட்டியை வாங்கி வந்து பிரித்து, எங்கள் அறைச் சுவரில் அவள் உயரத்துக்கு ஒட்டினேன். கிரேயான்களை எல்லாம் வேண்டுமென்றே ஒடித்துத் துண்டாக்கினேன். முழு கிரேயானை முஷ்டியில் பிடிக்கலாம், ஒரு கொட்டை அளவு துண்டை விரல் நுனியில்தான் பிடிக்க முடியும். எழுது என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு மாலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவள் அட்டை முன்னால் நின்று ஒரு வட்டம் போட்டாள். அதுவரை அவள் போட்ட வட்டம் எல்லாம் ஆரம்பித்த இடத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடும். அன்று கோடு சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முட்டி நின்றது. அவள் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கண், ஒரு மீசை.

"அப்பா," என்றாள்.

கீரையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அடுத்த வாரத்தில் அந்த மீசைக்காரருக்குப் பக்கத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து வந்தது, அவரை விடப் பெரிதாக. பிறகு இரண்டாவது. வகுப்பில் பார்த்ததெல்லாம் எங்கேயோ உள்ளே இருந்திருக்கிறது. வெளியே கொண்டுவரக் கைதான் இல்லாமல் இருந்தது.

மார்ச்சில் கூப்பிட்டார்கள். கணவர் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு, கராஜ் உடையோடே வந்தார். சூப்பர்வைசர் அறையில் சின்ன மேசை, சின்ன நாற்காலி, நாலு கோடு தாள், சீவிய பென்சில். டீச்சர் ஓரமாக நின்றார். என் மகள் உட்கார்ந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றேன்.

எழுதினாள். மெதுவாக, அழுத்தி. எழுத்துகள் கோட்டுக்குள் நிற்கவில்லை, மேலும் கீழும் பிதுங்கின. இரண்டு எழுத்துகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி நின்றன. பத்தொன்பது எழுத்து முடித்து, பெயர் எழுதும் முன்னே, "கை வலிக்குது, போதும்," என்று பென்சிலை வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் தாளை எடுத்துக் குறைகளைச் சொன்னார். ஏழு எழுத்து இல்லை. பெயர் இல்லை. அளவு சரியில்லை. மூன்று விரலால் பிடிக்க வேண்டிய பென்சிலை நான்கு விரலால் பிடிக்கிறாள்.

"இதுல என்ற கை இல்லைங்க மேடம்," என்றேன் தமிழிலேயே. டீச்சர் அதை இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "இது மோள்டெ கை தன்னே," என்று என்னிடம் ஒரு வரி சேர்த்தார்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பட்டியல் இருந்தது, அதில் டிக் போட வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். டீச்சர் விளக்கினார். பிள்ளை எழுதும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்று பள்ளி சொல்லிவிட்டது, அதைத் தெரிந்தும் பெற்றோர் தங்கள் பொறுப்பில் கேஜி இரண்டுக்கு அனுப்புகிறார்கள், பின்னால் கஷ்டப்பட்டால் பள்ளியைக் குறை சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டால் அனுப்பலாம். போடாவிட்டால் ரிப்பீட்.

நான் கணவரைப் பார்த்தேன். ஊருக்கு அனுப்புவதா இல்லையா என்பது அந்த நிமிடம் அவர் கையில்தான் இருந்தது. அவர் பேனாவை வாங்கினார். ஒரு தடவை கியர்பாக்ஸ் விழுந்து நசுங்கியதில் அவருடைய ஆள்காட்டி விரல் மடங்காது. அதற்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகி ஒரு மாதிரியாகத்தான் எழுதுவார். அப்படியே கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிப் பிடிச்சுத்தானுங்க பத்து வருஷமா கராஜுல ஜாப் கார்டு எழுதறார்," என்றேன். இதை டீச்சர் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அடுத்து என் முறை. நான் போட்டு முடித்துப் பேனாவை வைப்பதற்குள் ஒரு சின்னக் கை வந்து அதை எடுத்துக்கொண்டது. அப்பா போட்டாயிற்று, அம்மா போட்டாயிற்று, அடுத்தது தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் தடுக்கும் முன்னால் நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, படிவத்தின் மேல் குனிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். நான்கு எழுத்து. ஒவ்வொன்றும் மூன்று வரி உயரம். மூன்றாவது எழுத்து திரும்பி நின்றது. பிள்ளை எழுதும் நிலைக்கு வரவில்லை என்று அச்சடித்திருந்த வரியின் மேலேயே, அந்த வரி படிக்க முடியாமல் போகும்படி, அவள் பெயர் முழுசாக இருந்தது.

சூப்பர்வைசர் படிவத்தைக் கையில் எடுத்து, இது வீணாகிவிட்டது, வேறொன்று பிரிண்ட் எடுக்கிறேன் என்றார்.

"வேணாங்க மேடம். இதுவே ஃபைல்ல இருக்கட்டும்," என்றேன். "ஸ்டார் எதுவும் ஒட்ட வேண்டாம்."